மணிக்கட்டுக் கயிறு

அந்த ஜெட் படகில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனை இன்ஜின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுகிறவரின் மணிக்கட்டில். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு கழன்று இன்ஜின் நின்றுவிடும்; சுவிட்சில் கயிறு இல்லாமல் கிளம்பவும் கிளம்பாது. திருப்பத்தில் கையை இழுக்கிறதென்று படகோட்டி ஆரிப் அதை ஸ்டியரிங்கிலேயே கட்டி வைத்து ஓட்டினான். போன மாதம் அணையின் நடுவே விழுந்தான். படகு அவனை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது. உத்தமபாளையத்தில் அடக்கம் செய்தார்கள்.

இன்று முதல்முறையாக இன்னொரு படகோட்டியான ராஜபாண்டி அதே படகை எடுத்தார். கரையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த சாபிரா, ஆரிப்பின் மனைவி, எழுந்து வந்தாள்.

"கயித்தக் கையில மாட்டுனீகளாண்ணே? அவுக கடைசி வரைக்கும் மாட்டவே இல்ல."

"மாட்டிட்டேம்மா."

ஒரு சுற்றுப் போய் வந்தார். படகின் அடிக்குழாய் தண்ணீரோடு மணலையும் உறிஞ்சிவிடாமல் இருக்க, கரைக்குச் சற்று முன்பே இன்ஜினை நிறுத்தினார். நங்கூரம் போட்டுவிட்டு, கயிற்றைச் சுவிட்சிலிருந்து உருவிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்.

பின்னால் இன்ஜின் கிளம்பியது.

திரும்பிப் பார்த்தார். அவருடைய கயிறு மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. படகின் சுவிட்சில் இன்னொரு சிவப்புக் கயிறு இருந்தது. அதன் மறுமுனை விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் விறைப்பாக இறங்கியிருந்தது.

"இப்ப மாட்டியிருக்காக," என்றாள் சாபிரா.

கயிறு ஒரு தரம் சுண்டியது. சுவிட்சிலிருந்து கழன்று தண்ணீருக்குள் போனது. இன்ஜின் நின்றது.