பச்சை வட்டம்

என் மனைவி பயிர்நோய் ஆராய்ச்சியாளர். நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்களை எண்ணுவதற்காக, மொட்டைமாடியில் ஆய்வுக்கென வளர்த்த தக்காளிச் செடிகளுக்கு நடுவே பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்று தொங்கும். ஞாயிறுதோறும் அதைக் கழற்றி எண்ணுவாள். ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க, எண்ணி முடித்த ஈயைச் சுற்றிப் பச்சைப் பேனாவால் வட்டம் போடுவாள். புது அட்டை மாட்டுவது என் வேலை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் பசையில் என் கட்டைவிரல் பதிந்துவிடும்.

"ஏங்க, உங்க விரல் என்ன பூச்சியா? இதையும் கணக்குல சேர்த்துக்கவா?" என்பாள்.

பன்னிரண்டு வார ஆய்வில் ஒன்பதாவது வாரம் இறந்துபோனாள்.

"இன்னும் மூணு வாரக் கணக்கு இல்லன்னா மேடம் உழைச்சதெல்லாம் வீணாப் போயிடும் சார்" என்றார் அவளுடைய உதவியாளர். நானே எண்ணித் தருகிறேன் என்றேன்.

பத்தாவது வார அட்டையைக் கழற்றியபோது முப்பத்தோரு ஈக்களைச் சுற்றியும் வட்டம் இருந்தது. மாடிச் சாவி என்னிடம்தான் இருந்தது. அவளுடைய பேனா மேசை இழுப்பறையில் மை காய்ந்து கிடந்தது. எண்ணிக்கையை அனுப்பிவைத்தேன். அடுத்த வாரம் பதினேழு ஈக்கள், பதினேழு வட்டங்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துணைக்கென்று யாராவது வந்து தங்கிவிடுவார்கள்.

கடைசி வாரம் குளிர் அதிகம். அட்டையில் ஓர் ஈகூட இல்லை. என் கட்டைவிரல் ரேகை மட்டும் இருந்தது. அதைச் சுற்றிப் பச்சை வட்டம்.

உதவியாளர் போன் செய்தார். "இந்த வாரம் எத்தனை சார்?"

"ஒண்ணு" என்றேன்.