வெளியே போகும் கதவு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே விழட்டும்.

பர்பாங்க் நகரத்துக் கார்ட்டூன் ஸ்டூடியோ ஒன்றில், டைரக்டர் வெண்டல் க்ராஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெளியே காரில் மனைவி இர்மா விடாமல் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் நீ வரலேன்னா நான் தனியா ஓரிகனுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அறை வாசலை மறித்தார் முதலாளி மில்ட் சோபல். "எங்கப்பா கிளம்பிட்ட? சனிக்கிழமை படத்துக்கு நாய் குரைக்கணுமே!"

"வேற யாரையாவது குரைக்கச் சொல்லுங்க மில்ட். நான் வேலைய விட்டாச்சு."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. கதை எழுதறது நீ, படம் போடறது நீ, வெட்டி ஒட்டறது நீ, குரைக்கறதும் நீ. உன்னை விட்டா ஒரு கூட்டத்துக்கே சம்பளம் குடுக்கணும். நான் என்ன பைத்தியமா?"

எல்லா வேலையையும் கற்றுக்கொண்டதுதான் தன் தப்பு என்று வெண்டலுக்கு அப்போது உறைத்தது. மில்ட்டின் கைக்கு அடியில் குனிந்து நழுவினார்.

"வெண்டல், இதை மட்டும் பார்த்துட்டுப் போங்களேன்" என்று ஒரு படத்தை நீட்டினாள், புதிதாகச் சேர்ந்த ஓவியர் டொலோரஸ்.

பழக்க தோஷம், நின்றுவிட்டார். "கைக்கு அஞ்சு விரல் எதுக்கு? கார்ட்டூன் ஆளுக்கு நாலு போதும், யார் எண்ணப் போறா? ஐயோ, கதவை ஏம்மா சுவரோட சேர்த்து வரைஞ்ச? தனித் தாள்ல வரைஞ்சாத்தானே அது திறக்கும்! இப்ப உள்ள இருக்கறவன் எப்படி வெளிய போவான்?"

"மறந்துட்டேன். பாவம், உள்ளயே கிடக்கட்டும்" என்று சிரித்தாள்.

வெண்டல் ஸ்டூடியோவுக்குள் இருந்த நீண்ட நடைபாதையில் ஓடினார். தொட்டிச் செடி, கோணல் கடிகாரம், சிவப்பு வாளி. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொட்டிச் செடி, கோணல் கடிகாரம், சிவப்பு வாளி. மொத்த விலைக்கு மலிவாகக் கிடைத்ததென்று மில்ட் வாங்கிப் போட்டிருப்பார் என நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார்.

கடைசியில் வாசல் கதவு தெரிந்தது. அதே நேரத்தில் ஹாரன் நின்றது. கார் உறுமியது.

"இர்மா! வந்துட்டேன், இரு!"

கைப்பிடியைப் பற்றினார். அது கைக்குள் வரவில்லை. சுவரைத் தடவுவதுபோல் வழவழவென்று இருந்தது. இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தார். கதவு அசையவில்லை. கார் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

வலித்த கைகளை விரித்துப் பார்த்தார். கைக்கு நாலு விரல்.

அப்போது கூரைக்கும் மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது:

"அடடா, இந்தக் கதவையும் சுவரோட சேர்த்தே வரைஞ்சுட்டேனே!"