‘சும்மா’ படித்தவன்

"அண்ணே, எழுந்திருங்க. அது ஞானியாரு உக்காந்த நாற்காலி."

தமிழ்வேந்தன் தேள் கொட்டியவன் போல எழுந்தான். எழுந்ததோடு நில்லாமல் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தும் விட்டான். கரியாலூர்க் குளிரிலும் அவனுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

தத்துவஞானி குறிஞ்சியார் வாழ்ந்த அந்த வீட்டை அவர் விட்டுப்போனபடியே வைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி, வார் அறுந்த செருப்பு, பாதி தேய்ந்த பென்சில் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறவள் அம்சவள்ளி, அந்த ஊர்க்காரி. கூடத்தில் அவனையும் அவளையும் தவிர வேறு ஆள் இல்லை.

"உங்கள ஒண்ணு கேக்கணுங்க," என்று இழுத்தான். "இவரு இன்னாதான் சொல்லியிருக்காரு? ரெண்டு வரியில சொல்ல முடியுமா?"

"ரெண்டு வரிக்கா இம்மாந்தூரம் மலையேறி வந்தீங்க?"

அவ்வளவுதான், அவன் அணை உடைந்த மாதிரிக் கொட்டிவிட்டான். தியாகதுருகத்தில் அவனுக்கு உரக்கடை. தரகர் தீனதயாளன் மணலூர்பேட்டைப் பெண் ஒருத்தியின் போட்டோவைக் காட்டினார். பெயர் தேவதர்ஷினி. பார்த்த அன்றே ஆள் காலி. இரண்டு வீட்டாரும் சம்மதித்து நம்பர் கொடுக்க, வாட்ஸ்அப்பில் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவள், என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்த நேரத்தில் அவன் படித்துக்கொண்டிருந்தது ஒரு பூச்சிமருந்து டப்பாவின் பின்பக்கம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ‘சும்மா’ என்று ஒரே வார்த்தை அனுப்பினான்.

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. ‘குறிஞ்சியார் எழுதினதுதானே? எனக்கும் ரொம்பப் பிடிச்ச புத்தகம்’ என்று வந்தது.

"அப்டி ஒரு புஸ்தகம் இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க. யாராவது புஸ்தகத்துக்கு ‘சும்மா’ன்னு பேரு வெப்பாங்களா?"

அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சும்மா இருப்பதைப் பற்றி ஞானியார் அறுநூறு பக்கம் எழுதியிருக்கிறார் என்றாள்.

இல்லை என்று தட்ட அவனுக்கு விரல் வரவில்லை. ‘ஆமாங்க’ என்று போட்டுவிட்டான். விஷயம் தரகர் காதுக்கு எட்டியது. இரண்டு பேருக்கும் பிடித்த மனுஷன் என்றால் பெண் பார்ப்பதை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், பஜ்ஜி சொஜ்ஜி வேலையும் மிச்சம் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பெண் வீட்டார் வேனில் வருவதாகப் பேச்சு. இவன் முன்கூட்டியே பைக்கில் ஏறி வந்துவிட்டான்.

படிக்க முயற்சி செய்யாமலும் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு புத்தகக் கடைக்காரரிடம் போய், "சும்மா குடுங்க," என்று கேட்டிருக்கிறான். அவர், இங்கே சும்மா எதுவும் கொடுப்பதில்லை என்று விரட்டிவிட்டார்.

அம்சவள்ளிக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. "சரி, கேட்டுக்கங்க. சும்மா இருக்கறதுன்னா வேலை செய்யாம இருக்கறது இல்ல. வேலை செய்யும்போது ‘நான்தான் செய்யறேன்’னு நெனைக்காம இருக்கறது."

தமிழ்வேந்தன் கண்ணை மூடி ஒப்பித்தான். "வேலை செய்யாம இருந்துக்கினு, நான்தான் செய்யறேன்னு நெனைக்கறது."

"அது எங்க வூட்டுக்காரரு."

மறுபடி சொன்னான். இந்த முறை வரி சரியாக வந்தது, ஆனால் ஞானியார் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் உரத்தின் பெயர் வந்து விழுந்தது. அம்சவள்ளி கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னவோ, அவன் சொன்னதற்குத் தேவைப்பட்டதை விட அதிகமாகவே சிரித்தாள். அவனுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த அணில் இறங்கி ஓடியது. தானும் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததில்லை என்றும், வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது என்றும் அவள் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்.

அப்போது கீழே வளைவில் வேன் ஹாரன் கேட்டது.

தமிழ்வேந்தனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. கற்றுக்கொண்ட ஒரு வரியும் தலையிலிருந்து பறந்துவிட்டது. "பின்பக்கமா போவ வழி இருக்குதாங்க?" என்று சமையல்கட்டுப் பக்கம் பாய்ந்தான்.

அம்சவள்ளி குறுக்கே வந்து சாத்தியிருந்த கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "அங்க போவக் கூடாது. யாரையும் வுடறதில்ல."

அவன் நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப உள்ளத சொல்லிடறேங்க. நான் அந்தப் புஸ்தகத்தப் படிக்கலன்னு. அவங்க வேணாம்னு போனாலும் பரவாயில்ல." தரையைப் பார்த்தபடி சொன்னான். "பரவாயில்லன்னு இல்ல. அவங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அதான் பொய்ய சொல்லிக் கட்டிக்க மனசு வரல."

அம்சவள்ளி திரும்பி, சமையல்கட்டுக் கதவைத் திறந்து உள்ளே குரல் கொடுத்தாள்:

"தர்ஷினி, வெளிய வாம்மா. அன்னிக்கு இவரு சொன்னதும் போன்ல தேடிக் கண்டுபுடிச்ச புஸ்தகத்துக்காவ, மொத பஸ்ஸுல வந்து இம்மா நேரமா மனப்பாடம் பண்ணிக்கினு கெடக்கறியே, இவரு ‘சும்மா’ன்னு சும்மாதான் சொன்னாராம்."