சுடாத கை

வலிமருந்தைச் சோதிக்க எலியைச் சூடான தட்டில் விட்டு, அது எப்போது காலைத் தூக்குகிறது என்று பார்ப்பது அவன் வேலை. அன்று ஓர் எலி தூக்கவே இல்லை. தட்டுதான் பழுதோ என்று எலியைக் கூண்டில் விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைத் தட்டில் வைத்தான். சுடவில்லை. கூண்டுக்குள் எலி முன்காலை வெடுக்கென்று இழுத்து நக்கியது.

மாலையில் வீட்டில், துணி பிடிக்காமலே அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கினான்.

"கை வெந்துடப் போகுதுங்க" என்றாள் மனைவி.

"சுடவே இல்லடி."

மகள் கைதட்டினாள். "அப்பா, இன்னொரு தடவை."

கூண்டு நினைவுக்கு வந்தது. ஆனாலும் தூக்கினான். அவள் சிரிக்கச் சிரிக்கத் தூக்கினான்.

காலையில் எலியின் முன்கால்கள் இரண்டும் கொப்பளித்திருந்தன.

"கூண்டு பூட்டித்தான் இருக்கு, தட்டும் ஆறிக் கிடக்கு" என்றாள் உடன் வேலை செய்பவள். "ராத்திரி இதுவா எழுந்து சமைச்சுதா? நேத்து நீங்கதானே வச்சிருந்தீங்க, ஏதாவது ஆச்சா?"

"தெரியலையே" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

களிம்பு தடவ எலியைக் கையில் எடுத்தான். புண்ணைத் தொட்டதும் அது அவன் விரலைக் கவ்வியது. பிறகு பல்லை அழுத்தாமல் மெல்ல விட்டுவிட்டது.