நாலாவது வால்வு

தண்ணீர் நூலாக இறங்கியது.

ஷவரில் நூற்றுக்கும் மேல் ஓட்டைகள். ஏழெட்டில்தான் தண்ணீர். அதுவும் தலையில் விழாமல் சுவரோடு ஒட்டி வழிந்தது.

சோப்பு நுரையோடு அவன் அண்ணாந்து பார்த்தான்.

பதினேழு வருடம் மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் பிளம்பர். முந்நூற்றுப் பன்னிரண்டு அறைகள். எந்த அறையில் தண்ணீர் குறைந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பத்து நிமிட வேலை.

இது அவன் வீடு.

வந்து ஒன்பது நாள். ஹோட்டலை மூடிவிட்டார்கள். இனி விசா இல்லை, திரும்பிப் போக டிக்கெட் இல்லை. மனைவி முத்தரசியிடம் அதை இன்னும் சொல்லவில்லை. எப்போதும்போல இரண்டு மாத லீவு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

துண்டால் தலையைத் துடைத்து, லுங்கியைக் கட்டிக்கொண்டு ஷவரைக் கழற்றினான். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு.

ஊக்கு கேட்டான். முத்தரசி தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த மூன்றில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். எலுமிச்சம்பழமும் கேட்டான்.

"ஊறுகாய்க்கு வச்சிருந்தேன். நீங்க குழாய்க்கு ஊறுகா போடுங்க."

சாற்றில் ஊறவைத்தான். ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினான். ஊக்கைத் துண்டின் ஓரத்தில் குத்திக்கொண்டு ஷவரை மாட்டித் திறந்தான்.

எல்லா ஓட்டையிலும் தண்ணீர் வந்தது.

எல்லா ஓட்டையிலும் சொட்டுச் சொட்டாக.

அவனுக்குப் புரியவில்லை. கீழே சமையலறையில் குழாயைத் திறந்தால் பாத்திரம் ஆடுகிறது. அதே தொட்டி. அதே தண்ணீர்.

குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ரெஞ்சை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினான்.

இந்த வீடு எழும்பியபோது அவன் ஊரில் இல்லை. போனில் படம் பார்த்தான். படத்தில் எல்லாச் சுவரும் பூசியிருந்தது. உள்ளே எந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாரும் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

தொட்டியிலிருந்து நான்கு குழாய்கள். நான்கு வால்வுகள்.

முதலாவதை மூடிப் பார்த்தான். கீழேயிருந்து முத்தரசியின் குரல்.

"யாரு தண்ணிய நிப்பாட்டுனது? கையெல்லாம் மீன் செதிலோட நிக்கிறேன்!"

திறந்தான். இரண்டாவதை மூடினான்.

"இப்ப வாஷிங் மெஷின் நின்னு போச்சு! மஸ்கட்டுலயும் இப்படித்தான் வேலை பாத்தீகளா?"

திறந்தான். மூன்றாவதை மூடினான். சத்தம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அதையும் திறந்துவிட்டான்.

நாலாவதன் கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தது. பழைய ஜாக்கெட்டில் கிழித்த துண்டு. வெயிலில் வெளுத்து, முடிச்சுக்குள் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது. ஒழுகலுக்குக் கட்டியது என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தான்.

காய்ந்திருந்தது.

வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது.

யாரோ படியேறும் சத்தம். முத்தரசி. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அதுதான் உங்க பாத்ரூம் குழா."

"இத யாரு மூடுனது?"

"நாந்தான். நீங்க ஏர்போர்ட்டுக்குக் கிளம்புன அன்னைக்கே சாயங்காலம் வந்து மூடிருவேன். மாடியில வேற யாரு குளிக்கிறா? திரும்பி வர்ற அன்னைக்குக் காலையில திறந்து விடுவேன். ரெண்டு வருசமா மூடியே கெடந்துச்சுல்ல, இறுகிப் போச்சு. என் கைக்கு இந்தத் தடவ இவ்வளவுதான் சுத்துச்சு."

"துணி?"

"நாலும் ஒரே மாதிரி இருக்கு. உங்களது எதுன்னு தெரிய வேணாமா?"

அவன் ஒவ்வொரு முறை விமானம் ஏறியபோதும் அவள் இந்தப் படி ஏறியிருக்கிறாள்.

ரெஞ்சைப் போட்டுத் திருகினான். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு கிறீச். அரைச் சுற்று. ஒரு சுற்று. குழாய்க்குள் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. கீழே பாத்ரூம் தரையில் ஷவர் மழையாக அடிக்கும் சத்தம், மாடி வரை கேட்டது.

சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தான்.

அவள் அதைக் கேட்கவில்லை. ரெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடியில் நீல டேப். அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் 14. ஹோட்டலில் அவனுடைய நம்பர். லீவுக்குக் கிளம்பும்போதெல்லாம் அதை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வருவான். பதினேழு வருடத்தில் அது ஊருக்கு வந்ததே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

அதை மாடிக்கு எடுத்து வந்தபோது இது அவனுக்குத் தோன்றவில்லை.

"முத்தரசி..."

அவள் குனிந்துவிட்டாள். துணியின் முடிச்சை நகத்தால் நெருடினாள். வெயிலும் மழையும் பட்டு இறுகியிருந்தது. எழுந்து, அவன் தோளில் கிடந்த துண்டிலிருந்து ஊக்கைப் பிடுங்கினாள். முடிச்சுக்குள் அதை நுழைத்து நெம்பினாள்.

எப்போதிலிருந்து தெரியும்? இன்றைக்கா? பெட்டியைப் பிரித்த அன்றைக்கா? ஒன்பது நாளும் அவள் கேட்காமல் இருந்தாளா, இவன் சொல்லாமல் இருந்தானா?

முடிச்சு அவிழ்ந்தது.

அவன் கையிலிருந்து ரெஞ்சை வாங்கினாள். அதில் பட்டிருந்த துருவை அந்தத் துணியாலேயே துடைத்தாள். ஊக்கைத் திரும்பவும் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள்.

"காதுக்குப் பின்னாடி சோப்பு அப்படியே இருக்கு. தண்ணி வீணாப் போகுது. போயிக் குளிங்க."

ரெஞ்சையும் துணியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவன் வால்வுகளைப் பார்த்தான்.

நான்கும் ஒரே மாதிரி இருந்தன.