கண்ணடிக்கும் முகம்

"மாப்ளே, அந்த மூஞ்சியெல்லாம் கம்ப்யூட்டர்ல எங்க இருக்கு?"

"விண்டோஸ் பட்டனை அமுக்கிக்கிட்டே புள்ளியைத் தட்டுங்க மாமா," என்றான் மனைவியின் தம்பி.

மஞ்சள் முகங்கள் கட்டம் கட்டமாக விரிந்தன. அவற்றுக்குப் பின்னால், வெளியூரில் இருக்கும் மகளின் செய்தி காத்திருந்தது: 'நாளைக்குப் பிரசவ ஆபரேஷன். பயமா இருக்கு. ஏன் பதிலே காணோம்?'

"பயப்படாதேன்னு மட்டும் போட்டா போதாதா?"

"மூஞ்சி இல்லாம போனா சந்தேகப்படுவா. முதல்ல கண்ணடிக்கிறது, அப்புறம் ரெண்டு முத்தம். பழைய மெசேஜையெல்லாம் பாருங்க."

அவர் ஒற்றை விரலால் தேடினார். "இந்தக் கூட்டத்துல ஒரு முத்தத்தைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்போல."

மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒருவழியாக மூன்றும் அகப்பட்டன. 'பயப்படாதேடி செல்லம்' என்பதோடு சேர்த்து அனுப்பினார். உடனே பதில் வந்தது.

'இப்பதான் தைரியம் வந்துச்சும்மா. நான் பயந்ததை அப்பாகிட்ட சொல்லிடாதே. அவர் தாங்க மாட்டார்.'

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"எழுந்திரிங்க மாமா," என்றான் மைத்துனன். "அக்கா உடம்பு வந்துடுச்சு."