மேலே ஏறிய கல்

“கல்லு விழுந்துடுச்சுங்க மேடம். எனக்கே தெரியுது!”

ஸ்கேன் படுக்கையில் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்திருந்த சின்னராஜ் சிரித்தான். சிப்காட் கம்பெனியில் ஷிப்டு முடித்து, யூனிபார்மோடு நேராக ஓசூருக்குள் வந்திருந்தான். நேற்றுவரை வலியில் சுருண்டவனுக்குக் காலையிலிருந்து வலியே இல்லையாம்.

டாக்டர் ராஜலட்சுமிக்கும் சந்தோஷம்தான். போன ஸ்கேனில் கல் சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. வெளியே பெஞ்சில் அவன் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்ததையும், அவன் மனைவி பிரவீனா மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

கருவியை அடிவயிற்றில் ஓட்டினார். கல் இல்லை. அப்படியே விலாப் பக்கம் கொண்டுபோனவரின் கை நின்றது.

“விழலப்பா. மேல ஏறிப்போச்சு.”

“ஏறிப்போச்சுங்களா? கல்லு கீழதானேங்க போவும்?”

“எப்பவாவது ஒருத்தருக்கு இப்படி ஆகும். திரும்பக் கிட்னிக்கே போயிடுச்சு. அங்க புதுசா இன்னும் ரெண்டு இருக்கு. அந்தப் பக்கத்துக் கிட்னியிலயும் ஆரம்பிச்சிருக்கு.”

“நல்லாப் பாருங்க மேடம். இன்னொரு தரம் பாருங்க.”

பார்த்தார். எல்லாம் அங்கேயே இருந்தன.

சின்னராஜின் கண்ணீர் காதோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. தலைமாட்டில் நின்ற பிரவீனா அவன் நெற்றியைத் தடவினாள்.

“விடு மாமா. நீ என்னா பண்ணுவ? எழுந்திரு, போலாம்.”

அவன் எழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இத்தனை பெரிய ஆள் ஒரு கல்லுக்கு இப்படி உடைந்துபோவதைப் பார்க்க டாக்டருக்குப் பாவமாக இருந்தது. அம்மா வயதுக்காரர், உரிமையோடு அதட்டினார்.

“இதுக்குப் போயி அழுவாங்களா? வலி இல்ல, அடைப்பு இல்ல. மாத்திரை இருக்கு, லேசர் இருக்கு. பயப்படாதே, உன் கிட்னி உன்கிட்டயேதான் இருக்கும்!”

சின்னராஜ் மெல்லத் திரும்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேற யாருதும் சேரலைங்க. கல்லு இருந்தா என்னுதையும் எடுக்க மாட்டாங்களாம். இவளுக்குக் குடுக்க வேண்டிய கிட்னிங்க மேடம்.”